மூட்டு வீக்கமும் முடக்குவாதமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்து ரெம்பாவ் மாவட்டத்தில் பெடாஸ் என்னும் ஊரில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. கைகால் பிடிப்பும் மூட்டு வலியும் உடையோர் இத்தகைய ஊற்றுகளை நாடிச் செல்வது நெடுங்கால வழக்கம். வெந்நீரில் இறங்கியதும் விரல்கள் சற்றே இளகுகின்றன, வலியும் அடங்குகிறது. இது வெறும் நம்பிக்கை அன்று, மெய்யே. வெப்பம் இறுகிய தசைகளைத் தளர்த்துகிறது, வலியுணர்வையும் மட்டுப்படுத்துகிறது. ஆயினும் கரையேறித் துவட்டிக்கொண்ட பின் பார்த்தால், மூட்டின் வீக்கம் மட்டும் இருந்தபடியே இருக்கிறது. வலியைத் தணித்த வெந்நீர் வீக்கத்தை ஏன் வற்றச் செய்யவில்லை? இவ்வொரு வினாவைப் பற்றிக்கொண்டு சென்றால், முடக்குவாதம் மூட்டுக்குள் என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும்.

தோட்டப்புறத்தில் இந்நோய்க்குக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று உழைப்பு, மற்றொன்று பனி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பனி ஈரத்தில் நிரைநிரையாக நடந்து, நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் கத்தி போட்டு, மங்குப் பாலை வாளியில் கொட்டிச் சுமந்தவர்க்கு மூட்டு வீங்காமல் வேறென்ன செய்யும் என்பர். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ரெம்பாவ் வட்டாரத்தில் பால்மரங்கள் பெருமளவு செம்பனைக்கு இடம் விட்டு, தோட்டக் குடும்பங்கள் பலவும் ஊர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்திலும், முதிய பெண்மணிகள் தங்கள் கைவிரல்களைக் காட்டி, ‘மரம் வெட்டிய கை இது’ என்றே சொல்வர்.

ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழைப்பே காரணமாயின், கத்தியைப் பிடித்து இழுக்கும் கையே முதலில் கெட வேண்டும். மற்றொரு கை தப்பியிருக்க வேண்டும். முடக்குவாதமோ பெரும்பாலும் இரு கைகளிலும், ஒத்த மூட்டுகளில், ஏறக்குறைய ஒருங்கே தோன்றுகிறது. உழைப்பால் தேய்ந்த மூட்டு வேலை செய்யச் செய்ய வலிக்கும், ஓய்ந்திருந்தால் தணியும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பின்னரே விறைப்பு மிகுகிறது. கையை அசைத்துப் பழக்கப் பழக்கச் சிறிது இளகுகிறது. மேலும், வாழ்நாளில் ஒரு மரத்தையும் வெட்டியறியாத கிராணியின் மனைவிக்கும் பள்ளி ஆசிரியைக்கும் இந்நோய் வருகிறதே, அதற்கு என்ன சொல்வது? குளிரும் பனியும் இல்லாத நாடுகளிலும் வருகிறது. டில்லியை அடுத்த சிற்றூர்களில் நடத்தப்பெற்று 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆயிரம் பெரியவர்களில் ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. உலகின் பல பகுதிகளிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி.

இனி மூட்டின் அமைப்பைக் காண்போம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இவ்விரு முனைகளையும் சேர்த்து ஒரு பை மூடியிருக்கிறது. அப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படிந்துள்ளது. அதன் மேற்படலத்தின் கனம் ஓரிரண்டு உயிரணுக்கள், மிஞ்சினால் மூன்று. இச்சவ்வே மூட்டுநீரைச் சுரக்கிறது. முட்டையின் வெண்கருவை ஒத்த இந்த நீர், குருத்தெலும்புக்கு எண்ணெயாகவும் உணவாகவும் இருக்கிறது. ஏனெனில் குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் கிடையா. நம் உடலில் மிகப் பெரிய மூட்டாகிய முழங்காலிலும் நலமாயிருக்கும்போது இந்நீர் ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கூட இராது. அவ்வளவு சிறு அளவைக் கொண்டு ஆயுள் முழுதும் ஓட்டிவிடுகிறது உடல்.

முடக்குவாதம் தொடங்குவது எலும்பில் அன்று, குருத்தெலும்பிலும் அன்று. இந்த மெல்லிய சவ்விலேதான். வீக்கத்தின் கதை முழுவதும் இங்கேதான் நடக்கிறது.

கையில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சுடுகண்டு, வீங்கி, வலிக்கிறது. உள்ளே நுழைந்த கிருமிகளை எதிர்க்க உடல் தன் காவற்படையை அங்கே அனுப்புகிறது. அதன் பொருட்டுக் குருதிக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர்கள் கசிகின்றன. வெள்ளணுக்களும் நீரும் வெளியேறி அவ்விடத்தை நிரப்புகின்றன. இதனை அழற்சி என்கிறோம். பகைவன் அழிந்ததும் படை கலைந்து வீக்கம் வற்றிவிடும். முடக்குவாதத்தில் இதே அழற்சிதான் மூட்டுச் சவ்வில் நிகழ்கிறது. ஆனால் அங்கே கிருமி எதுவும் இல்லை. உடலின் காவற்படை உடலையே பகையென்று பிறழ உணர்ந்துவிடுகிறது. பகைவன் தன் உடம்பே ஆதலால் படை கலைவதற்கும் வழியில்லை.

சவ்வுக்குள் வெள்ளணுக்கள் வந்து குடியேறுகின்றன. அவை ஒன்றையொன்று அழைக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவ்வழைப்பைக் கேட்டு மேலும் பல வருகின்றன. புதிதாக வந்தவற்றுக்கு உணவளிக்கப் புதுக் குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. ஓரிரண்டு உயிரணுக் கனமாயிருந்த மேற்படலம் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளாகத் தடித்துவிடுகிறது. கசிந்த நீர் பைக்குள் தேங்குகிறது. தேக்கரண்டி நீர் இருந்த முழங்காலில் அரைக் கோப்பை நீர் கட்டிக்கொள்வதும் உண்டு. அது வெண்கருப் போன்ற தெளிந்த நீரும் அன்று; வெள்ளணுக்கள் நிறைந்து நீர்த்துக் கலங்கிப்போனது.

ஆகவே முடக்குவாத வீக்கம் என்பது இரண்டின் சேர்க்கை: தேங்கிய நீரும் தடித்த சவ்வும். தொட்டுப் பார்த்தால் பிசைந்த மாவை அமுக்கியது போல் மெத்தென்றிருக்கும். முதுமையில் தேய்ந்த மூட்டில் தோன்றும் புடைப்போ கல் போல் கடினமாயிருக்கும். அது எலும்பின் வளர்ச்சி. இவ்விரண்டையும் விரலால் தொட்டே ஓரளவு பிரித்தறியலாம். வெந்நீர் ஏன் வீக்கத்தை வற்றச் செய்வதில்லை என்பதும் இப்போது தெளிவாகும். வெப்பம் தசையை இளக்கும். சவ்வில் குடியேறிய படையைக் கலைக்க அதற்கு ஆற்றல் இல்லை.

வீக்கத்தோடு நின்றுவிடுமாயின் இந்நோயை இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. தடித்த சவ்வு ஓரங்களிலிருந்து ஊர்ந்து குருத்தெலும்பின்மேல் படர்கிறது. மருத்துவ நூலார் இப்படர்ச்சிக்குத் துணி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைப் பெயராக வைத்துள்ளனர். துணி போர்த்தியது போல் மூடுவதால் அப்பெயர். எனினும் இது உண்ணும் துணி. அதிலிருந்து சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கின்றன. எலும்பை அரிப்பதற்கென்றே உடலில் அமைந்த ஒருவகை உயிரணுக்களையும் அது தூண்டிவிடுகிறது. சவ்வு எலும்பைத் தொடும் விளிம்பில் முதலில் பள்ளம் விழுகிறது. பலருக்கு நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எக்ஸ்ரே படத்தில் இப்பள்ளங்களைக் காணலாம். பின்னர்த் தசைநார்கள் தளர்ந்தும் அறுந்தும், விரல்கள் சுண்டுவிரற் பக்கமாகச் சாய்ந்து, அன்னத்தின் கழுத்துப் போல் வளைந்துவிடுகின்றன. அரிக்கப்பட்ட எலும்பு மீண்டும் பழைய வடிவத்துக்கு வருவதில்லை. வீக்கத்தை வற்றச் செய்யலாம். பள்ளத்தைத் தூர்க்க இயலாது. எனவே காலமே இந்நோயில் முதன்மையானது.

உடல் தன்னையே பகையென்று கருதும் பிறழ்ச்சி எவ்வாறு நேர்கிறது? இதன் விடை முழுவதும் கிட்டவில்லையாயினும், கிட்டியவரை வியப்பளிப்பதாகவே உள்ளது. நம் உடலின் புரதங்கள் பல அமினோ அமிலங்களால் கோக்கப்பட்டவை. அவற்றுள் ஆர்ஜினின் என்பதை ஒரு நொதி சில வேளைகளில் சிட்ருலின் என்னும் வேறொன்றாக மாற்றுகிறது. சிட்ருலின் முதன்முதல் 1914இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் தர்ப்பூசணிப் பழத்திலிருந்து பிரிக்கப்பெற்றது. அப்பழத்தின் இலத்தீன் பெயரே அதன் பெயராயிற்று. (இதைப் படித்துவிட்டுத் தர்ப்பூசணியை ஒதுக்க வேண்டாம். பழத்திற்கும் நோய்க்கும் தொடர்பில்லை.) இவ்வாறு மாறிய புரதத்தைச் சிலர் உடல் அயலான் என்று கருதி, அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. இவ்வெதிர்ப்பொருளைக் குருதியில் கண்டறியும் சோதனை இன்று வழக்கத்தில் உள்ளது.

இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. நெதர்லாந்தில் குருதிக் கொடையாளர்கள் முன்னர் அளித்துச் சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதியை ஆராய்ந்து 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னாளில் முடக்குவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் குருதியில், மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருந்தன. அஃதாவது, வீக்கம் தோன்றும் நாள் நோயின் முதல் நாள் அன்று; நீறு பூத்த நெருப்புப் போல் நெடுநாள் கிடந்தது வெளிப்பட்ட நாள்.

அந்நெருப்பு மூட்டில் அன்றி வேறிடத்திலும் பற்றியிருக்கலாம். புகை பிடிப்போரின் நுரையீரலிலும், சீழ்கட்டிய ஈறுகளிலும் புரதங்கள் சிட்ருலின் கொண்டவையாக மாறுவது கண்டறியப்பட்டுள்ளது. வெள்ளணுக்களின் மேற்பரப்பில் அமைந்த ஒருவகைப் புரதத்தைத் தீர்மானிக்கும் மரபுக்கூறு சிலருக்கு இப்பிறழ்ச்சியை எளிதாக்குகிறது என்பது 1987 முதல் அறிந்ததே. மரபுக்கூறும் புகையும் ஒருவரிடம் சேருமாயின் ஆபத்து பன்மடங்காகிறது.

புகை பிடிக்காத பெண்களுக்கு ஏன் வருகிறது என்ற வினாவுக்கு மலேசியாவிலிருந்தே ஒரு விடை கிடைத்தது. 2005இல் தொடங்கிய மலேசிய முடக்குவாத ஆய்வுத் திட்டம், நோயுற்றோரையும் நலமுற்றோரையும் ஒப்பிட்டு வந்தது. அதில் பெண்களைப் பற்றிய பகுதி 2016இல் வெளியாயிற்று. பஞ்சு, நூல், துணி ஆகியவற்றின் தூசு படும் வேலை செய்த பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதி என அது கண்டது. தூசு செல்லுமிடமும் நுரையீரலே என்பது நோக்கத்தக்கது. மலேசிய மருத்துவமனைகளில் முடக்குவாதத்துக்கு மருத்துவம் பெறுவோரில் இந்தியர், மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைக் காட்டிலும் மிகுந்து காணப்படுகின்றனர் என்பதும் ஆய்வாளர் பலர் குறித்துள்ள செய்தி. இதற்கு மரபு காரணமா, வாழ்க்கை முறை காரணமா, இரண்டுமா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராவிட்டாலும், தமிழர் குடியிருப்புகளில் வீங்கிய விரலை அலட்சியம் செய்தல் தகாது என்பதற்கு இது போதும்.

காலை விறைப்பைப் பற்றி ஒரு சொல். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் இந்நோயாளிகளுக்கு இரவின் கடைசிப் பகுதியில் உச்சம் அடைகின்றன. ஆதலின் விழித்தெழும் வேளையில் விரல்கள் மடங்குவதில்லை. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்ற பின்னரே இளகும். பால்மரத்தின் இயல்போ, விடியற் குளிரில் தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மரம் தன் பாலைத் தரும் அதே மணிநேரத்தில்தான் இந்நோய் கையைப் பூட்டிவிடுகிறது. பால் வெட்டித் தொழிலாளிக்கு இதைவிடக் கொடிய பொருத்தமின்மை இருக்க முடியாது. முற்பகல் பத்து மணிக்குக் கை நன்றாக இருப்பதைக் கண்ட கங்காணி, காலையில் அவர் பட்ட பாட்டைச் சோம்பல் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. நோய் காரணம் என்று நோயாளிக்கே தெரிந்திராதபோது கங்காணிக்கு எப்படித் தெரியும்?

இந்நோய்க்கு நாம் வழங்கும் பெயரைப் பற்றியும் தமிழாசிரியர்கள் சிந்திக்கலாம். முடக்குவாதம் என்பது நோயின் முடிவை நோக்கி இட்ட பெயர். கைகால் முடங்கிய பின்னரே பொருந்தும் பெயரைத் தொடக்கத்துக்கும் வைத்துவிட்டதால், விரற்கணு சற்றே வீங்கிய நிலையில் எவரும் தமக்கு முடக்குவாதம் என்று எண்ணுவதில்லை. ‘முடங்கவில்லையே’ என்று ஆறுதல் கொள்கின்றனர். சரவாங்கி என்ற பழம்பெயரும் உண்டு. இளைய தலைமுறைக்கு அது வழக்கொழிந்து வருகிறது. மேனாட்டார் இட்ட பெயரும் சிறந்ததன்று; அதன் அடிச்சொல்லாகிய ரூமா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒழுக்கு எனப் பொருள். தலையிலிருந்து கெட்ட நீர் ஒழுகி மூட்டில் தங்குவதாக அவர்கள் கருதினார்கள், நாம் காற்றைக் குற்றம் சாட்டினோம், அவ்வளவே வேறுபாடு. மூட்டழற்சி என்ற புதுச்சொல் நடப்பதை நடப்பதாகவே சொல்கிறது. பள்ளி நூல்களில் அது பரவுமாயின் நன்று என்பது என் கருத்து.

1800ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லாந்ரே போவே என்னும் இளம் மருத்துவர், செல்வர்க்கு வரும் கீல்வாதமன்று, ஏழைப் பெண்களுக்கு வரும் தனி நோய் இது என்று முதன்முதல் பிரித்துக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட நோயாளிகள் ஒன்பது பேர், அனைவரும் பெண்கள். செல்வர் நோயாகிய கீல்வாதத்தில் கால் பெருவிரல் இரவோடிரவாகச் சிவந்து வீங்கும். அதில் உப்புப் படிவமே காரணம். இன்றும் இவ்விரண்டையும் குழப்புவோர் உண்டு. கொசுவால் பரவும் சிக்குன்குனியாக் காய்ச்சலும் மூட்டுகளை வீங்கச் செய்யும். ஆனால் அது காய்ச்சலோடு திடீரெனத் தொடங்கும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கும்.

ஐயம் கொள்ள வேண்டிய அடையாளங்கள் எவை? விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள், நடுக்கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல்களின் அடிக்கணுக்கள் ஆகியவற்றில் மூன்று மூட்டுகளுக்குக் குறையாமல் வீங்கியிருத்தல் ஒன்று. விரல் நுனியை அடுத்த கணு பெரும்பாலும் தப்பிவிடும். காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்தல் மற்றொன்று. கைகுலுக்குவது போல் விரல் அடிக்கணுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் துடித்துக் கையை இழுத்துக்கொள்ளுதல் மூன்றாவது. பள்ளிக்கு வரும் தாய் கையொப்பமிடப் பேனாவைப் பிடிக்கத் திணறினால் ஆசிரியர் கண்ணில் அது படாமற் போகாது. மாணவர்க்கும் இவ்வினத்து நோய் வருவதுண்டு. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூட்டு ஆறு வாரம் கடந்தும் வீங்கியிருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலை முதற் பாடவேளையில் மட்டும் கையெழுத்து கோணி, நண்பகலில் சீராகும் பிள்ளையை அடிக்குமுன் அதன் விரல்களைப் பார்ப்பது நல்லது.

அடையாளங்கள் தெரிந்தால் தைலக்கடைக்குச் செல்லாமல் அரசு சுகாதார நிலையத்துக்குச் செல்க. அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவுக்கு எழுதி அனுப்பக் கேட்கலாம். வீக்கம் தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள் மருந்து தொடங்கப்பெற்றவர்கள் பிந்தி வந்தவர்களைவிட நலம் பெறுகின்றனர் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை.

கடைகளிலும் சந்தைகளிலும் மூலிகை என்ற பெயரில் விற்கும் சில மாத்திரைகளும் ஜாமு வகைகளும் ஓரிரண்டு நாளில் வீக்கத்தை மாயமாக வற்றச் செய்யும். மாயம் ஒன்றும் இல்லை. அவற்றுள் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து களவாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்பவர், நடக்கவியலாதிருந்த ஒரு பெண்ணுக்கு இவ்வகை மருந்தை முதன்முதல் அளித்தார். சில நாட்களில் அவள் நடந்தாள். 1950இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவறியாது நெடுநாள் உட்கொண்டால் எலும்பு நொய்ந்து, சர்க்கரை ஏறி, முகம் ஊதிவிடும் என்பதும் விரைவிலேயே தெரியவந்தது. திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு அளிப்பது வேறு. சந்தை மாத்திரை வேறு.

இன்று முதல் மருந்தாக அளிக்கப்படுவது மெதொட்ரெக்சேட். இதன் பின்னே நமக்கு அண்டை வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆந்திரத்துப் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர்தம் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தனர். பின்னர் அதற்கு எதிரான பொருள்களையும் செய்தனர். அவை முதலில் குருதிப் புற்றுநோய்க்குப் பயன்பட்டன. சுப்பாராவ் 1948இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1951இல், அவ்வகைப் பொருள் மூட்டு நோயிலும் பயன்படுவது வெளிவந்தது. 1980களில் நடந்த ஆய்வுகளுக்குப் பின்னரே அது உறுதிப்பட்டது. மெதொட்ரெக்சேட் போதாதவர்க்கு, வெள்ளணுக்களின் அழைப்புப் பொருளையே மறிக்கும் ஊசிகள் உண்டு. 1992இல் இலண்டனில் அதை முதன்முதல் முடக்குவாதத்தில் சோதித்த இருவருள் ஒருவரான ரவீந்தர் மைனி பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர். விலை மிகுந்தவை ஆதலால் அவற்றைத் தேவைப்படுவோர்க்கே அளிப்பர்.

மெதொட்ரெக்சேட் உண்பவர்க்குச் சில செய்திகள். அது வலிமாத்திரை அன்று. பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் நிறுத்துவோர் பலர். கருவுற்ற பெண்கள் உண்ணக் கூடாது. கருவுற எண்ணுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கள்ளும் சம்சுவும் அதனோடு சேர்ந்தால் ஈரல் கெடும். குருதிச் சோதனைக்குத் தவறாது செல்ல வேண்டும். யாவற்றினும் மேலாக, அதை உண்பது வாரத்தில் ஒரே ஒரு நாள். மற்ற மாத்திரைகளைப் போல் நாள்தோறும் உண்டு உயிரிழந்தவர்கள் உலகில் பலர். எழுத்தறியாத பாட்டிக்கு மாத்திரை உறையின்மேல் ‘வெள்ளிக்கிழமை மட்டும்’ என்றோ அவர் விரும்பும் வேறு கிழமையையோ தமிழில் பெரிதாக எழுதி, அவர் பேரப்பிள்ளையையும் அதை உரக்கப் படிக்கச் செய்தல் வேண்டும்.